போகிறவரை எங்கே என்று கேட்கலாமோ

பிள்ளைகளே,

எங்கள் வீட்டில் யார் வெளிக்கிட்டாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறோம். வேலிப் படலை வரை போய்த் திரும்புகிறவரைக்கூட விடுவதில்லை. இதைக் கண்டு உங்கள் சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள், பக்கத்து வீட்டு மாமி வாயில் கை வைக்கிறா என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னீர்கள். ஏன் இப்படி என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தா. நான் சோற்றைப் பார்த்தேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் நடுவில் சிரித்துக் குழப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு லொறி ஓடப் போனவனின் எழுத்து இது. சிவப்புப் பேனையைத் தூரத்தில் வைத்துவிட்டு வாசியுங்கள்.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பயணம் வெளிக்கிட்டவரை எங்கே என்று கேட்கக் கூடாது. தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, சற்று ஆறிப் பிறகு எழும்புவார். அப்போது தடைபட்ட பயணம் அதோடு கழிந்துவிடும். பிறகு எழும்பிப் போவது புதுப் பயணம். மற்றவர்கள் இதை மறந்தாலும் லொறிச் சாரதிகள் மறக்கமாட்டார்கள். இரவில் நெடுந்தூரம் ஓடுகிறவனுக்குத் துணைக்கு இப்படிச் சில ஒழுங்குகள் வேண்டித்தான் இருக்கின்றன.

அப்போது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலம். கரவெட்டியில் பெரிய தோட்டக்காரர் ஒருவர் சொந்தமாக லொறி வாங்கி என்னைச் சாரதியாக வைத்திருந்தார். வயதில் மூத்தவர், முதலாளி என்று கூப்பிட்டால் கோபிப்பார், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பின்னேரம் லோட் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் விடிய முன்னம் கொழும்புச் சந்தையில் நிற்க வேண்டும். பிந்தினால் வாங்குகிறவர்கள் வேறு லொறியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒருநாள் கொடிகாமம் தாண்டிப் போகும்போது, மண்ணிறமாக ஏதோ ஒன்று வேலிக்குள்ளிருந்து பாய்ந்து லொறிக்குக் கீழே போனது. பிறேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரயரில் கறை இல்லை, றோட்டிலும் இல்லை. மற்றப் பக்கத்து வேலியோரம் ஒரு ஆட்டுக்குட்டி நின்று இலை கடித்துக்கொண்டிருந்தது. லோட்டுக்கு மேலே இருந்த கிளீனர், என்னைவிட வயது கூடிய மனிதர், "அதுதான் தம்பி, அது தப்பியிட்டுது, நீ எடு" என்றார். எடுத்தேன். ஆனால் அது வேறு குட்டி என்று என் மனம் சொல்லிற்று. கீழே போனது இன்னும் கீழேதான் கிடக்கிறது என்று சொல்லிற்று.

அன்றைக்கு வெளிக்கிடும்போது நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதை அப்போது ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. உங்களுக்கும் கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு லொறி ஒரு பள்ளத்தில் குலுங்கினால் போதும், நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்ப்பேன். முதலில் பயணத்துக்கு ஒரு தடவை. பிறகு மதகுக்கு மதகு. முறிகண்டிப் பிள்ளையாருக்கு எல்லா லொறியும் நிற்கும். நான் பிள்ளையாருக்கு முன்னும் நின்றேன், பின்னும் நின்றேன். கிளீனர் பகிடி விட்டுப் பார்த்தார். "தம்பி, உப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டால் ரயரே ஒருநாள் வரம் தந்திடும்" என்பார். எனக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்ப் பார்ப்பேன். வீட்டில் படுத்தால் நித்திரை இல்லை. சந்தைக்குப் பிந்திப் போய்ப் போய், வெங்காயம் மூட்டைக்குள்ளேயே முளைவிடத் தொடங்கியது. டிறைவருக்கு மூளை தட்டிப்போட்டுது என்று ஊரில் கதை உலாவியது. அம்மாவின் தாயார் ஏழரைச் சனி என்று சொல்லி என் கையில் நூல் கட்டிவிட்டா. நூல் நல்ல நூல்தான், கன காலம் அறாமல் இருந்தது.

கடைசியில் அண்ணை வந்தார். முன் வாங்கில் உட்கார்ந்து வெகுநேரம் வெற்றிலையைத் துடைத்தார்.

"தம்பி, நான் உன்னை விடேல்லை. உன்ரை கை மாதிரிக் கை எனக்குக் கிடையாது. ஆனா ஒரு டொக்டர் உன்னைப் பாத்து, தலை சரி, ஓடலாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். அதுவரைக்கும் லொறி வேறையாள் ஓடட்டும்."

எனக்கு வேறு தொழில் தெரியாது. தோட்டமும் இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் அடுப்பு இருந்தது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மனநோய்க்கெனக் கிழமையில் ஒருநாள் பார்ப்பார்கள். அண்ணையே என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். வல்லை வெளியில் காற்று யன்னலால் அடிக்க, மடியில் ஒரு சுடுதண்ணிப் போத்தலை அணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் தெரிந்தவர்கள் கண்டால், ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கட்டும் என்பதற்காக.

டொக்டர் ஒரு பெண். கொழும்பில் பிறந்து வளர்ந்தவ, சீமையிலும் படித்தவ. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்ததால் அவவின் தமிழ் புத்தகத்திலிருந்து எழும்பி வந்த தமிழ். முகத்தில் மட்டும் நல்ல ஆறுதல். என் மனநிலை எப்படி என்று அறிவதற்குச் சில கேள்விகள் கேட்கப் போவதாகவும், சோதனை என்று பயப்பட வேண்டாம் என்றும் சொன்னா. நான் லைசென்ஸ் எடுக்கப் போன நாளைப்போல் நிமிர்ந்து இருந்தேன்.

இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டா. அட்டமி என்றேன். பேனை கொஞ்சம் நின்று எழுதியது. நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வரச் சொன்னா. "டொக்டர், எனக்கு ஏழரை கழிஞ்சாத்தான் ஏழு கழியும்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன், ஆனால் அவ சிரிக்கவில்லை. சனியின் கணக்கு அவவுக்குத் தெரியாது. பிறகு ஒழுங்காகக் கழித்துக் காட்டினேன். கதிரை, எலுமிச்சம்பழம், ஆறு என்று மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரத்தால் கேட்பேன், மறக்க வேண்டாம் என்றா. எனக்கு அது பெரிய காரியமா? எந்தச் சாமான் எந்தக் கடையில் இறங்க வேண்டும் என்று மனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவன்தானே. கதிரையை அடியில் வைத்து எலுமிச்சம்பழத்தை மேலே வைத்தேன். ஆற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தால் ஓடவிட்டேன். கேட்டபோது ஒழுங்காக இறக்கிக் கொடுத்தேன்.

பக்கத்தில் ஆள் இல்லாதபோது குரல் ஏதும் கேட்பதுண்டா என்றா. "ஓம் டொக்டர், ஒவ்வொரு பயணமும் கேக்கும்" என்றேன். அவவின் பேனை வேகமாக ஓடத் தொடங்கியது. குரல் என்ன சொல்லும் என்றா. "மெல்லமா போ, பின்னாலை பஸ் வருது எண்டு சொல்லும்." அது யார் குரல் என்று கேட்டா. கிளீனர், லோட்டுக்கு மேலே இருப்பார், ஆளைக் காண ஏலாது, சத்தம் மட்டும் வரும் என்றேன். எழுதியதை அவ மெதுவாக வெட்டினா.

அதுவரைக்கும் ஒரு மாதிரித் தப்பித்தான் வந்தேன். ஆட்டுக்குட்டிக் கதையும் சொல்லி எல்லாம் முடிந்து, "அப்ப நான் வாறன் டொக்டர்" என்று எழும்பினேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டா.

என்ன செய்வேன், திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். தெரியாமல் கேட்கிறா, பாவம் என்று நினைத்தேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டா. இல்லை என்றேன். சற்று ஆறி மறுபடி எழும்பினேன். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசல் பக்கம் போகிற மனிதன் அவவுக்குப் புதிராக இருந்திருக்க வேண்டும். தனியாகப் போகிறேனா, வீட்டுக்குத்தான் போகிறேனா என்று அறிய விரும்பி, திரும்பவும் எங்கே என்று கேட்டா. திரும்பவும் இருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் தண்ணீர் தாருங்கள் என்றும் கேட்டேன். குடித்துவிட்டு எழும்பினேன். அவ கேட்டா. இருந்தேன். என் முகத்தை அவவும், அவவின் முகத்தை நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அண்ணையை உள்ளே கூப்பிட்டு, இவருக்கு நினைவும் அறிவும் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒரு இடத்தை விட்டுப் புறப்பட இவரால் முடியவில்லை, லொறியிலும் அதுதான், இங்கேயும் அதுதான், இப்போதைக்கு ஓட வேண்டாம் என்றா. நித்திரைக்கு மாத்திரை தந்தா.  திரும்பும்போது பஸ்ஸில் அண்ணை போத்தலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தா. டொக்டர் அவவையும் உள்ளே இருத்தினா. நித்திரை வருகிறதா, சாப்பாடு எப்படி, இப்போதும் மனம் கீழே பார்க்கச் சொல்கிறதா என்று கேட்டு முடிய, நான் எழும்பினேன். டொக்டர் வழமைபோலக் கேட்டா. நான் வழமைபோல இருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், குறை நினைக்காதையுங்கோ. வெளிக்கிட்ட மனிசனை எங்கை போறியள் எண்டு கேக்கலாமோ? கேட்டால் அவர் இருக்கத்தானே வேணும்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு, அம்மாவிடம் விவரமாகக் கேட்டா. நீங்களும் இருப்பீர்களா என்று கேட்டா. நானும்தான், ஊரில் எல்லாரும்தான் என்று அம்மா சொன்னா. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா, நல்ல சத்தமாக. இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொருவரையும் அப்படித்தான் கேட்டு அனுப்புவதாகவும், பலர் திரும்ப உட்கார்ந்ததாகவும், உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும், அதனால் கேட்பதை விடப்போவதில்லை என்றும் சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பினா. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, கேள்வி மட்டும் சிரிப்பாக இல்லை.

"அந்த ஆட்டுக்குட்டி வந்த நாளில், நீங்கள் லொறி எடுக்கும்போது, யாராவது இப்படிக் கேட்டார்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். யன்னலைப் பார்த்தேன். ஓம் என்றேன்.

உங்களில் மூத்தவளே, இனி நீ கவனமாக வாசி. கேட்டது நீதான். அப்போது உனக்கு மூன்று வயது இருக்கும். லொறி எங்கள் வாசல் ஒழுங்கையில் லோட்டோடு நின்றது, அண்ணை கெதியாக எடு என்று அவசரப்படுத்திக்கொண்டு நின்றார். நான் ஏறி எஞ்சினை எடுத்த நேரம் நீ படலையடியில் வந்து நின்று, "அப்பா எங்கை போறியள்?" என்றாய். எஞ்சின் சத்தத்தில் மற்ற ஒருவருக்கும் கேட்கவில்லை. உன் வாய் அசைந்தது எனக்கு விளங்கிற்று. இறங்கி வந்து இருந்து தண்ணீர் குடித்திருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளை கேட்டதற்காக லோட்டோடு நிற்கிற லொறியை விட்டு இறங்க வெட்கமாக இருந்தது. உனக்குக் கண்ணை உருட்டிக் காட்டிவிட்டு எடுத்தேன்.

இதைச் சொல்லி முடித்தபோது அம்மாவின் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. "இதையோ இவ்வளவு நாளும் வயித்துக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?" என்றா.

ஏன் மறைத்தீர்கள் என்று டொக்டர் கேட்டா.

"பொம்பிளைப் பிள்ளை, டொக்டர். வாய் ராசியில்லாதவள் எண்டு ஊர் ஒருக்காச் சொல்லத் தொடங்கினால், அவளின்ரை கலியாணம் வரைக்கும் அந்தக் கதை கூடவே போகும். என்ரை தலை பிசகெண்டு சொன்னால் சொல்லட்டும்."

பிள்ளை கேட்டதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் நம்புவீர்களா என்று டொக்டர் கேட்டா. பொய் சொல்ல எனக்கு வரவில்லை, இல்லை என்றேன். சரி, நம்ப வேண்டாம் என்றா. மகள் இப்போது என்ன கேட்கிறாள் என்று மட்டும் கேட்டா. அதற்கு அம்மாதான் பதில் சொன்னா. இவர் வெளிக்கிடச் சேட்டை எடுத்துப் போட்டால் பிள்ளை அறைக்குள் ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது, ஏனென்று தெரியாமல் நானும் பிள்ளையை ஏசுகிறேன் என்று. நான் அதைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். உன்னை ஊரின் வாயிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உன்னை நானே கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன்.

டொக்டர் தந்த வைத்தியம் இதுதான். இனி நான் எங்கே வெளிக்கிட்டாலும் நீ கேட்க வேண்டும். நான் எங்கே என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்காராமல் போக வேண்டும். மனம் அடித்தால் அடிக்கட்டும், கால் நடக்கட்டும் என்றா.

உன்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுக்க அம்மாவுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதன் பிறகு உன் வாயை மூட ஒருவராலும் ஏலவில்லை. கிணற்றடிக்குப் போனால் கேட்பாய். சங்கக்கடைக்குப் போனால் கேட்பாய். செம்போடு பின்வளவுக்குப் போகிறவனைக் கேட்பாய், அதற்கும் நான் நின்று மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் படலையைத் தாண்டும்போது முழங்கால் தானாக மடியப் பார்க்கும். ஒருநாள் நான் தலைமயிர் வெட்ட வெளிக்கிட, அம்மா அடுப்படியிலிருந்தே, "பிள்ளை, கொப்பர் சலூனுக்குப் போறார், கேட்டிட்டியோ?" என்று கத்தினா. ஒழுங்கையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு முழங்காலின் நினைவே வரவில்லை, சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

சில கிழமைகள் போன பிறகு டொக்டர் மறுபடியும் சோதித்தா. கழிக்கச் சொல்லவில்லை, சொற்களும் தரவில்லை. நான் எழும்பி வாசலுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டா. "வீட்டை, டொக்டர். போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் குடையை உள்ளே விட்டது தெரிந்தது. திரும்பிப் போனால் மறுபடி இருக்க வந்துவிட்டான் என்று எழுதிவிடுவா என்ற பயத்தில், அம்மாவைத்தான் எடுக்க அனுப்பினேன். அம்மா குடையோடும், ஓடலாம் என்ற சொல்லோடும் வந்தா.

முதல் லோட் ஏற்றிய பின்னேரம் அண்ணை ஒழுங்கையில் நின்றார். எந்நேரமும் வெற்றிலை போடுகிறவர், அன்றைக்கு வாயில் வெற்றிலை இல்லை. கிளீனர் மேலே ஏறியிருந்தார். நான் ஏறிக் கதவைப் பிடித்த நேரம் நீ படலையில் நின்று, ஊருக்கே கேட்கக் கேட்டாய். அண்ணையின் முகம் கறுத்தது. அவரும் பழைய மனிதர்தானே.

"கொழும்புக்கு, பிள்ளை" என்றேன்.

"ஏன்?"

இதற்கு டொக்டர் எங்களை ஆயத்தப்படுத்தவில்லை. வெங்காயம் விற்க என்றேன். விற்காவிட்டால் என்றாய். அண்ணை இடையில் வந்து, "பிள்ளை, இனிக் காணும். நீ கேட்டு முடியமுன்னம் வெங்காயம் முளைச்சிடும்" என்றார். எல்லாரும் சிரிக்கிற சத்தத்தில் லொறியை எடுத்தேன்.

கொடிகாமத்தில் அந்த இடம் வந்தபோது கால் தானாகப் பிறேக்கில் போய் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் றோட்டு வெறுமையாக, நேராகக் கிடந்தது. மேலேயிருந்து, "என்ன தம்பி?" என்று குரல் கேட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லிக் காலை எடுத்தேன். முறிகண்டியில் எல்லாரையும்போல ஒரே ஒரு தடவை நின்றேன். விடிய முன்னம் சந்தையில் முதல் வரிசையில் நின்றோம்.

லோட் இறக்கித் திரும்பி வந்து, கிளீனர் வீட்டுக்குப் போன பிறகு, லொறியை அண்ணையின் வளவில் விட்டேன். நல்ல மத்தியான வெயில். வளவில் ஒருவரும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் பின்னுக்குக் கிடந்த வெறும் வெங்காயச் சாக்கு ஒன்றை உதறி எடுத்து, லொறிக்குக் கீழே, நாலு ரயருக்கும் நடுவே விரித்து மல்லாந்து படுத்தேன். கீழே ஒன்றும் இல்லை, நிழல் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. எஞ்சினிலிருந்து ஒரு துளி எண்ணெய் நெற்றியில் விழுந்தது. தலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நித்திரையானேன்.